சினிமாவுக்குத் திரும்பும் போலீஸ் அம்பாசிடர்

பழைய கொல்கத்தாவைக் காட்டும் படத்தில் போலீஸ் கார் என்றால் அது பெரும்பாலும் அம்பாசிடர்தான். பக்கத்து உத்தரபாராவிலேயே 1950களின் இறுதியிலிருந்து 2014 மே வரை தயாரான வண்டி. ஓய்வுபெற்ற காரைப் படப்பிடிப்புக்குத் தேற்றுபவர் முதலில் தரைத்தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். மழைநீர் தேங்கும் ஊர், துரு அந்தத் தகட்டில்தான் பிடிக்கும். பிறகு வெல்டிங், பட்டி, பெயின்ட். உதிரிபாகத்துக்குக் கொல்கத்தாவின் மல்லிக் பஜார் இருக்கிறது. கிரில்லில்தான் குட்டு வெளிப்படும்: 1950களின் கதையில் 1960களில் வந்த மார்க் 2 முகப்பு நின்றால் கார்ப் பைத்தியங்கள் விடமாட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு ரத்து. அவை உடைப்பு மையத்துக்கே போக வேண்டும். ஆகவே இனி தனியார் அம்பாசிடருக்குத்தான் போலீஸ் வேஷம்.