விரல் நுனியில் ஒரு துளி இரத்தம்



சேர்வராயன் மலையில் சர்க்கரை நோய் தலைகாட்டாது என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. நாள் முழுதும் மேடேறி இறங்கி உழைப்போர்க்கும், சாமையும் கேழ்வரகும் உண்போர்க்கும் அந்நோய் எங்கிருந்து வரும் என்று பெரியோர் கேட்பர். இன்று நோயாளரைக் காண மலைச் சிற்றூர்களுக்குச் செல்லும்போது, பல வீடுகளில் சுவரில் தொங்கும் துணிப்பைக்குள் சர்க்கரை மாத்திரை அட்டைகளையே காண்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோயாளர். தமிழகத்தில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் இந்நோய் உண்டு.

மருந்து கிடைப்பதில் பெரிய முன்னேற்றம் ஏற்பட்டதை மறுப்பதற்கில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் நோயாளரின் வாசலுக்கே வந்தன. 2024-இல் அத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. தன்னார்வப் பெண்கள் சிற்றூர்களில் நடந்தே சென்று ஆற்றிய தொண்டு சிறிதன்று. ஆனால் மருந்து வந்த வழியில், உடலில் சர்க்கரை எவ்வளவு என்னும் செய்தி அவ்வப்போதுதான் வருகிறது. ஒரு வருகைக்கும் மறு வருகைக்கும் இடையே வாழ்கிற நாள்கள்தாம் மிகுதி.

ஆய்வுக்கூடத்திற்குச் செல்லலாமே என்பீர்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கவேண்டும். உண்டு இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்கவேண்டும். மலைச் சிற்றூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஏற்காட்டுக்கு வருபவர்க்கு இது ஒரு நாள் கூலி போகும் வேலை. சேலத்திற்கே செல்லவேண்டுமாயின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் பட்டினியோடு இறங்கவேண்டும். ஆகவே ஆறு மாதத்திற்கொரு முறை போவார்கள். அன்று கிடைத்த எண்ணை அடுத்த ஆறு மாதத்திற்கும் நம்பியிருப்பார்கள்.

நான் நன்கறிந்த ஒரு தாய், அறுபது வயதைக் கடந்தவர், காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஓரிரவு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிப் படுத்துவிட்டார். வீட்டில் இரு கட்சி. சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பைக் கண்ணில் காட்டாதீர்கள் என்றான் மகன். இறங்கிவிட்டது என்றாள் மருமகள். “வெல்லம் குடுக்கறதா வேண்டாமான்னே தெரியல சாமி” என்று அவள் பின்னர் என்னிடம் சொன்னாள். நல்லவேளை, அவள் யாரையும் கேளாமல் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் அந்தத் தாய் எழுந்து உட்கார்ந்தார். இன்சுலின் போடுகிறவர் இப்படி வியர்த்து நடுங்கினால், அளந்து பார்க்கக் கருவி இல்லாவிடில், தாழ்ந்துவிட்டதாகவே கொண்டு, விழுங்கும் நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பதே முறை. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; மருத்துவமனைக்கே கொண்டு செல்லவேண்டும்.

என் தந்தையார் காலத்தில் வீட்டுச் சோதனை என்றால் சிறுநீர்ச் சோதனைதான். பெனடிக்ட் கரைசல் என்னும் நீல நீரில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் கொதிக்கவைப்பார். நீலமாகவே இருந்தால் மகிழ்ச்சி. பச்சை, மஞ்சள் என மாறிச் செங்கல் நிறத்தில் நின்றால் அன்று வீட்டில் எவரும் பாயசத்தைப் பற்றிப் பேசமாட்டோம். ஆயினும் இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். தாழ்ந்துபோனதை அந்த நீல நீர் ஒருகாலும் சொல்லாது. விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தம் சில நொடிகளில் அதைச் சொல்லிவிடுகிறது என்பதுதான் குளுக்கோமீட்டரின் பெருமை.

அந்தத் தாயின் இளைய மகன் திருப்பூரில் வேலை செய்பவன். அச்செய்தி கேட்டதும் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வந்தான். கூடவே இருபத்தைந்து ஸ்ட்ரிப் பட்டைகள். அவை ஒரு மாதத்தில் தீர்ந்தன; கருவி அலமாரியில் உறங்கியது. கருவியை ஒருமுறைதான் வாங்குகிறோம். பட்டையையோ ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்று வீதம் வாங்கவேண்டும். ஒன்று ஏறத்தாழ இருபது ரூபாய். அதிலும் ஒரு நிறுவனத்தின் கருவியில் மற்றொரு நிறுவனத்தின் பட்டை பொருந்தாது. ஆகவே கருவி வாங்குவோர் முதலில் விசாரிக்கவேண்டியது பட்டையின் விலையையும், அது ஏற்காட்டு மருந்துக் கடையில் கிடைக்குமா என்பதையுமே. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றின்மீதான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நல்லதுதான், ஆனால் ஒரு பட்டைக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைவதால் கூலிக்காரர் வீட்டுக் கணக்கு மாறிவிடுவதில்லை. தாமே பயன்படுத்தும் சர்க்கரைச் சோதனைக் கருவிகளை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இன்றியமையாச் சோதனைகளின் பட்டியலில் சேர்த்தது. இன்சுலினை இலவசமாகத் தரும் அரசு, அதை அளந்து போடுவதற்கான பட்டையையும் மாதந்தோறும் உடன் தரவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

எல்லார்க்கும் தரவேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. மெட்பார்மின் மட்டும் உண்பவர் நாள்தோறும் விரலைக் குத்திக்கொள்வதால் பெரும்பயன் இல்லை. இன்சுலின் போடாத 450 நோயாளரிடம் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓராண்டு நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, தினமும் சோதித்தவர்க்கும் சோதியாதவர்க்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. அத்தகையோர்க்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையே போதும் என்பர் மருத்துவர். பட்டை வேண்டுவது இன்சுலின் போடுவோர்க்கே முதலில். அடுத்து, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்போர்க்கு. (தவக்காலத்தில் இம்மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடக்கும் பெரியோர்க்கு ஒரு சொல்: ஒருசந்திக் கடமை அறுபதாம் வயது தொடங்கியவரையும் நோயாளரையும் கட்டுப்படுத்தாது. வேளைக்கு உண்ணுங்கள்.)

பட்டை இருந்தாலும் அளப்பதற்கு ஒரு முறை உண்டு. அதே தாய்க்கு, சென்ற காப்பி அறுவடையின்போது, பட்டை சில கிடைத்துச் சோதித்ததில் 312 என்று காட்டியது. ஊசியின் அளவைக் கூட்டலாமா என்று வீட்டார் பேசத் தொடங்கிவிட்டனர். அங்கு வந்திருந்த செவிலிச் சகோதரி அவர் கைகளைப் பார்த்தார். காலைமுதல் வாசலில் அமர்ந்து காப்பிப் பழம் பிதுக்கிய கை; பழத்தின் இனிப்பு விரலெல்லாம் பிசுபிசுத்திருந்தது. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி சோதித்தபோது 168! ஆரஞ்சு, திராட்சை போன்ற பழங்களை உரித்த விரலை ஸ்பிரிட்டால் துடைத்தாலும் அளவு பொய்யாக உயர்கிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 2011-இல் எழுதியுள்ளனர். தண்ணீரில் கழுவுவதே வழி. பலாவும் ஆரஞ்சும் காப்பியும் விளையும் நம் மலையில் இது யாவரும் அறியவேண்டியது. வெந்நீரில் கழுவினால் மார்கழிக் குளிரில் விறைத்த விரலிலும் இரத்தம் எளிதில் வரும். உழைத்துக் காய்த்த விரலின் நுனியை விடப் பக்கவாட்டில் குத்துவது நன்று. பட்டைக் குப்பியின் மூடியைத் திறந்தே வைத்தால் இம்மலைப் பனியின் ஈரம் பட்டையைக் கெடுத்துவிடும்.

இப்போது அவ்வூரில் இன்சுலின் போடுவோர் நால்வர்க்குப் பொதுவாக ஒரு கருவி உண்டு. பட்டைகளை இளைஞர் சிலர் மாதந்தோறும் வாங்கித் தருகின்றனர். ஊசி முனையும் குத்தும் கருவியும் மட்டும் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி. ஒருவர் இரத்தம் பட்டது மற்றவர் விரலில் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றக்கூடும். வாரத்தில் இரு நாள், விடியற்காலையிலும் இரவு உணவுக்கு முன்னும் சோதித்து, மருமகள் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறாள். சென்ற மாதம் அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், விடியற்கால அளவு மும்முறை 70-க்குக் கீழ் இருப்பதைக் கண்டு, இரவு ஊசியில் நான்கு யூனிட் குறைத்தார்.