மூன்றாம் பிரசவமும் நாகபுரி வெயிலும்

இதை எழுதும் கை ரயில்வே குமாஸ்தாவினுடையது. சொல்லும் வாய் இரண்டு. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். உற்றார் உறவினரை ஊரில் விட்டுவிட்டுத் தூர தேசத்தில் குடித்தனம் செய்யும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எங்கள் அநுபவம் சிறிதேனும் பயன்படக்கூடும்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் மூன்றாவது குழந்தை நாகபுரியில் பிறந்தாள். மூத்தவள் ஒன்பது வயதுப் பெண். அடுத்தவன் நாலு வயதுப் பையன். இருவருமே அறுவைச் சிகிச்சையில் பிறந்தவர்கள். இருமுறை கீறிய கருப்பையில் மீண்டும் வலி எடுத்தால் பழைய தழும்பு பிரிந்துவிடும் அபாயம் உண்டென்று டாக்டரம்மாள் விளக்கி, 39-ஆவது வாரத்தில் நாள் குறிக்கச் சொன்னார். செவ்வாயா, வியாழனா என்று அவர் கேட்டதுதான் தாமதம். விருத்தாசலத்திலிருந்து டெலிபோனிலேயே “வியாழன்” என்று மாமியாரின் தீர்ப்பு வந்துவிட்டது. மூன்றாவது எதற்கு என்று கேட்டோருக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டோம். அது இங்கே வேண்டாம்.

நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தது பெரிய சௌகரியம். மாமியார் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு சென்னையில் ஏறி, மறுநாள் பிற்பகல் சுக்கும் பூண்டும் பிரசவ லேகியமுமாக வந்து இறங்கினார். விடுப்புக் கணக்குத்தான் இடித்தது. ரயில்வேயில் தந்தைக்குரிய 15 நாள் விடுப்பு, இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் உள்ளவருக்கே உண்டு. எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சேர்த்து வைத்திருந்த எல்.ஏ.பி.யில் 20 நாள் எடுத்தோம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் உறைந்துவிடுமாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமும் வித்தையை ஒரு தாதி கற்றுக் கொடுத்தாள். நாலாம் நாள் வீடு திரும்பியதும், தண்ணீர் பற்றிச் சிறு பூசல் எழுந்தது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கலாகாது என்பது மாமியாரின் கட்சி. பால் கொடுப்பவள் தாகத்துக்குக் குடித்தே தீரவேண்டும் என்பது டாக்டரின் கட்சி. “மாப்பிள்ளை, நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?” என்று கேட்டார். சுக்குப் போட்டுக் காய்ச்சிய நீர் என்று சமாதானம் ஆயிற்று. ஆனால் பழைய நூற்புடவையைக் கிழித்து அவர் இறுகக் கட்டிய வயிற்றுக் கட்டை நாங்கள் மறுக்கவில்லை.

ஆறு வாரத்துக்குப் பச்சிளங் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கலாகாது என்பது கட்டளை. இது நாலு வயதுப் பையனுக்கு எப்படி விளங்கும்? “பாப்பாவை மட்டும் தூக்குகிறாயே” என்று கட்டிலருகில் நின்று கேட்டான். இல்லாளின் கண் கலங்கியது. ஒரு முக்காலியைக் கட்டிலோரம் போட்டு, அதில் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்காரப் பழக்கினோம். முதல் இரண்டு நாள் முக்காலியை உதைத்துத் தள்ளினான்.

பதினெட்டாம் நாள் மாமனாருக்கு உடல்நலமில்லை என்று செய்தி வரவே, மாமியார் ஊருக்குத் திரும்பினார். மூன்று நாளில் எங்கள் விடுப்பும் தீர்ந்தது. மாதக் கடைசி, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் அவசரம். இன்னும் ஒரு வாரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று இல்லாள் சொன்னதைக் குமாஸ்தா மிகச் சௌகரியமாக நம்பிவிட்டார்.

நாகபுரி வெயிலை அறிந்தவர்களுக்குக் கூலரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தகரப் பெட்டியில் புல் தட்டியை நனைத்துக் காற்றடிக்கும் அந்த யந்திரம் இல்லாமல் மே மாதத்தில் அங்கே வாழமுடியாது. 45 பாகையை ஒட்டிய வெயிலில் அது வாளி வாளியாக நீரைக் குடிக்கும். காலையில் நிரப்பிவிட்டுத்தான் குமாஸ்தா புறப்பட்டார். பிற்பகல் இரண்டு மணிக்கு அது வறண்டது. சிசு அழுதது, பையனுக்கு வியர்வை கொட்டியது. இல்லாள் வாளியைத் தூக்கினாள். ஒன்றல்ல, இரண்டு.

மாலையில் வீடு திரும்பியபோது சேலையில் ஈரம் கண்டிருந்தது. உடம்பும் அனலாய்க் கொதித்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் தையலின் ஓர் ஓரத்தைத் திறந்து சீழை வெளியேற்றினார்கள். வாளி ஒன்றே காரணமென்று சொல்ல முடியாது, வியர்வை ஊறிய வயிற்றுக் கட்டும் காயத்தை நனைத்திருக்கும் என்றார் டாக்டரம்மாள். அதை ஊருக்கு எழுதவில்லை. பத்து நாள் தினமும் கட்டு மாற்றினார்கள். விடுப்பை நீட்டிக்க ஒரு விண்ணப்பமே போதுமாயிருந்தது.

அப்போதுதான் எதிர் வீட்டு மராத்தி அம்மாள் கோந்து லட்டுடன் வந்தார். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் பத்தியம். “பத்தடி தூரத்தில் இருக்கிறேன், கூப்பிடவில்லையே” என்று கடிந்துகொண்டார். எட்டு வருஷம் எதிரெதிரே இருந்தும், தீபாவளிப் பலகாரத்துக்கு மேல் எதுவும் கேட்க எங்களுக்குத் தோன்றியதில்லை. மூத்தவளோ சொம்பு சொம்பாகக் கூலரை நிரப்பிக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறை முழுவதும் அவள் தெருவில் விளையாடப் போகவே இல்லை என்பதை அந்த அம்மாள் சொல்லித்தான் அறிந்தோம். அன்று முதல் மாலை ஐந்து மணிக்கு அவளை வெளியே விரட்டினோம்.

புண் ஆறிப் பின்னும் சில வாரம் சென்று, இனிப் பையனைத் தூக்கலாம் என்று டாக்டரம்மாள் உத்தரவு கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இல்லாள் கட்டிலில் உட்கார்ந்து, “வாடா கண்ணா” என்று இரு கைகளையும் நீட்டினாள். அவன் கொஞ்சம் யோசித்தான். “வேண்டாம், உனக்கு வலிக்கும்” என்று சொல்லி, முக்காலியை இழுத்து வந்து போட்டுத் தானே ஏறி உட்கார்ந்தான்.