முதல் அடி யாருடையது?

நான்கு வருடங்களுக்கு முன் ஆபீஸில் ஒரு அறிக்கை எழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் டீமில் இருந்த தம்பி ஒருவன் ஓட்டிய ஸ்கிரிப்ட், வாடிக்கையாளரின் டேட்டாபேஸில் ஒரு டேபிளையே காலி செய்துவிட்டது. மீட்கலாம் என்று போனால் பேக்கப் ஃபைல் திறக்கவில்லை. ஏற்கெனவே எங்கள்மேல் கடுப்பில் இருந்த வாடிக்கையாளர் அடுத்த மாதமே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். என்ன நடந்தது என்று மேலிடத்துக்கு எழுதித் தருவது சீனியரான என் பொறுப்பு. நான்கு பக்கம் எழுதினேன். கடைசி வரியில், அந்த ஸ்கிரிப்ட்தான் ப்ராஜெக்ட்டுக்கு விழுந்த ‘கூ த க்ராஸ்’ என்று முடித்தேன்.

பெருமையாகத்தான் இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்து, இன்ஜினியரிங் காலேஜில் முதல் செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது ஆங்கிலத்துக்கு நடுவில் பிரெஞ்சு போட்டு எழுதுகிறேன்! மீட்டிங்கில் அதை ‘கூப் டி கிரேஸ்’ என்று வாசித்தேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே ‘கூ டி க்ரா’ என்று திருத்தினார்.

இரண்டுமே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. பிரெஞ்சில் கடைசி எழுத்துகளை முழுங்குவார்கள் என்ற அரைகுறை ஞானத்தில் பல ஆங்கிலேயர்களே அந்த ‘ஸ்’ஸை விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சொல்லில் அதை உச்சரிக்க வேண்டும். ‘க்ரா’ என்றால் பிரெஞ்சில் கொழுப்பு. கருணையின் அடி, கொழுப்பின் அடி ஆகிவிடுகிறது. என் விஷயத்தில் அதுதான் சரியான உச்சரிப்போ என்னவோ.

அந்தத் தம்பி ரிசைன் செய்தான். யாரும் போகச் சொல்லவில்லை, அவனாகவே. கடைசி நாள் டீக்கடையில் நின்றபோது சாதாரணமாகக் கேட்டான்: “அண்ணா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடிப் பாத்தேன். கடைசி அடின்னு போட்டிருந்துச்சு. அப்போ முதல் அடி யாரோடதுண்ணா?”

என்னிடம் பதில் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பிறகுதான் இந்தச் சொற்களையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

‘கூ த க்ராஸ்’ என்பதற்கு நேர்ப்பொருள் கருணையின் அடி. பிழைக்கமாட்டான் என்று தெரிந்த ஒருவனின் வேதனையை முடித்துவைக்கும் அடி. பிரான்ஸில் 1792-ல் கில்லட்டின் வருவதற்கு முன், குற்றவாளியைச் சக்கரத்தில் கட்டிக் கைகால் எலும்புகளை இரும்புத் தடியால் உடைக்கும் தண்டனை இருந்தது. முடிவில் மார்பில் விழும் அடிக்கு இந்தப் பெயர். மத்தியகால ஐரோப்பாவில் குற்றுயிராகக் கிடக்கும் வீரனை முடித்துவைக்க ஒரு மெல்லிய குத்துவாளே இருந்தது. அதன் பெயர் ‘மிஸரிகோர்ட்’, அதற்கும் பொருள் கருணைதான். ஆங்கிலத்துக்கு வந்து புழங்கிப் புழங்கிக் கருணை உதிர்ந்து, அடி மட்டும் மிஞ்சியது. இன்று மேட்ச்சின் கடைசி கோலுக்கும் இதே சொல்தான்.

ஆங்கிலத்தில் இந்த வகைச் சொற்கள் ஏராளம். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. ‘டெத் ப்ளோ’ என்றால் அடித்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். ‘டெத் நெல்’ அடியே இல்லை, சாவுமணி. மணி அடிப்பவன் சாவை அறிவிக்கிறானே தவிர, கொல்வதில்லை. இரண்டையும் குழப்பி, மணியால் ஓங்கி அடித்தது போல எழுதும் ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் உண்டு. ‘கடைசி ஆணி’ என்றால் சவப்பெட்டி ஏற்கெனவே தயார், ஆள் ஏற்கெனவே உள்ளே. ‘நாக் அவுட்’ கொஞ்சம் நல்ல சொல். 1867-ல் வந்த குவீன்ஸ்பெரி விதிகளின்படி விழுந்தவனுக்குப் பத்து விநாடி கிடைக்கும், எழுந்து நிற்கலாம். ‘வாட்டர்லூ’ தோற்றவனின் கதை. 1815 ஜூன் 18 அன்று ஜெயித்தவர் பெயர் அந்த மரபுத்தொடரில் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

என்னை நிறுத்திய சொல் ‘லாஸ்ட் ஸ்ட்ரா’. ஒட்டகத்தின் முதுகை ஒடித்த கடைசி வைக்கோல். டிக்கன்ஸ் இதை ‘டோம்பி அண்ட் சன்’ நாவலில் பயன்படுத்தியிருக்கிறார். அதற்கும் முன்னால், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், ஒட்டகத்தின் இடத்தில் குதிரையும் வைக்கோலின் இடத்தில் இறகும் இருந்தன. இறகு என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வரும். மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று சொல்லும் 475ஆவது குறள். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதில் கடைசி இறகைப் பற்றிப் பேச்சே இல்லை. குற்றம் ஏற்றியதில், அளவில்.

எங்கள் வண்டியில் ஏற்றியது யார்? பழைய மெயில்களைத் தோண்டினேன். சம்பவத்துக்கு இரண்டு வருடங்கள் முன்பு, பேக்கப்பை மாதம் ஒருமுறை மீட்டுப் பார்த்துச் சோதிக்கவேண்டும் என்று ஒரு டாஸ்க் இருந்திருக்கிறது. ‘இப்போ அவசரமில்லை, அடுத்த காலாண்டில் பார்க்கலாம்’ என்று ஒருவர் தள்ளிவைத்திருக்கிறார். அடுத்த காலாண்டிலும் அவரே. மொத்தம் ஐந்து முறை. ஐந்திலும் என் பெயர்.

அந்தப் பையன் அழித்தது ஒரு டேபிளை. பேக்கப் திறந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் மீட்டு, மன்னிப்பு மெயில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவன் வைத்தது ஒரு இறகு. ஒற்றைச் சொல்லால் நான் அதை இரும்புத் தடி ஆக்கி, அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

லினக்ஸில் ஒரு ப்ராசஸை நிறுத்த ‘கில்’ என்று ஒரு கமாண்ட் உண்டு. சும்மா கொடுத்தால் 15ஆம் எண் சிக்னல் போகும். ‘முடிச்சுக்கோப்பா’ என்ற வேண்டுகோள் அது. ப்ராசஸ் திறந்த ஃபைல்களை மூடிவிட்டு, எழுதவேண்டியதை எழுதிவிட்டுக் கிளம்பலாம். 9ஆம் எண் கொடுத்தால் அவ்வளவுதான், அதைத் தடுக்கவோ கேட்காததுபோல இருக்கவோ முடியாது. பதில் சொல்ல நேரமே கிடையாது. முதலில் 15, கேட்கவில்லையென்றால்தான் 9 என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். அந்த அறிக்கையை எழுதும் முன் ‘உன் தரப்பு என்னப்பா’ என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் அந்த ஆவணத்தைத் தேடித் திறந்தேன். எடிட் செய்யும் உரிமை இன்னும் இருந்தது. கடைசி வரியை எடுத்துவிட்டு, தள்ளிவைத்த ஐந்து தேதிகளையும் என் பெயரையும் சேர்த்தேன். அழகான சொல் எதுவும் போடவில்லை. மூடிப்போன ப்ராஜெக்ட், இனி யாரும் திறக்கப்போவதில்லை. கம்பெனியை விட்டுப் போனவனுக்கு அது திறக்கவும் திறக்காது.

அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதை முடித்ததும் அனுப்பப்போகிறேன். தம்பி, நீ டீக்கடையில் கேட்டதற்குப் பதில்: என்னோடது.