நோட்டை மூடிய கடைக்காரர்

எங்கள் வீட்டில் துப்பறியும் நாவலுக்குத் தடை. அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். கொலைக்கதை படிக்கிற பையன் ஒருநாள் கத்தி தூக்குவான் என்று நிஜமாகவே நம்பியவர். நான் தமிழ்வாணனின் சங்கர்லாலைக் கணக்கு நோட்டுக்குள் ஒளித்துவைத்துப் படித்து வளர்ந்தேன். இப்போது வயது எழுபத்து மூன்று. பென்சில் சீவும் பிளேடைத் தவிர வேறு ஆயுதம் எதையும் இந்தக் கை தொட்டதில்லை.

கொலைக்கதைக்கென்றே தனிக் கடைகள் உண்டு என்று பின்னாளில் அறிந்தபோது பொறாமையாக இருந்தது. நியூயார்க்கில் 1972இல் டிலிஸ் வின் என்ற பெண்மணி ‘மர்டர் இங்க்’ என்று ஒன்று திறந்தார். அதே ஊரில் ஆட்டோ பென்ஸ்லர் ‘மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்’பைத் தொடங்கியது 1979 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. மேல்நாட்டார் கணக்கில் பதின்மூன்றும் வெள்ளியும் சேர்ந்தால் ஆகாத நாள். ஆனாலும் அந்தக் கடை இன்றும் நடக்கிறது. மர்டர் இங்க் 2006ஆம் ஆண்டுக் கடைசியோடு மூடப்பட்டது.

இப்படிப்பட்ட சின்னக் கடைகளில் முதலாளிக்கு ஆளைத் தெரியும். யார் விஷக் கதை கேட்பார், யாருக்கு ரத்தம் சொட்டினால்தான் திருப்தி என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். ஊரார் ரகசியம் பாதி மருந்துக்கடைக்காரரிடம் என்றால் மீதி புத்தகக் கடைக்காரரிடம். அவர் வாய் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

கொலராடோ மாநிலம் டென்வர் நகரத்து ‘டாட்டர்ட் கவர்’ எல்லா வகைப் புத்தகமும் விற்ற கடை. ஆனால் அதன் வழக்கு எந்தத் துப்பறியும் நாவலுக்கும் குறைந்ததல்ல. 2000ஆம் ஆண்டு, பக்கத்து ஊரான தார்ன்டனின் போலீசார் ஒரு டிரெய்லர் வீட்டைச் சோதனையிட்டார்கள். உள்ளே போதைப்பொருள் காய்ச்சும் ஏற்பாடு. அதைக் காய்ச்சும் முறையைச் சொல்லித்தரும் இரண்டு புத்தகங்கள். குப்பையில் டாட்டர்ட் கவரின் தபால் உறை ஒன்று, பில் நம்பரோடு. அந்த வீட்டில் இருந்தவர்களோ பலர்; காய்ச்சியவர் யார்? அந்தப் பில்லில் வாங்கிய புத்தகம் எது என்று தெரிந்தால் ஆள் சிக்கிவிடுவான் என்பது போலீசின் கணக்கு. வாரண்டோடு கடைக்கே வந்துவிட்டார்கள்.

கடையின் உரிமையாளர் ஜாய்ஸ் மெஸ்கிஸ் பதிவைத் தர மறுத்தார். போதைக்காரனுக்குப் பரிந்து பேசுகிறார் என்று எவரும் சொல்லிவிடக்கூடிய நிலை. அவர் கவலை அந்த ஒரு ஆளைப் பற்றியதல்ல. நாளை புற்றுநோய் பற்றியோ விவாகரத்து பற்றியோ புத்தகம் வாங்கத் தயங்கி வாசலிலேயே திரும்பிப்போகும் ஆளைப் பற்றியது. பேச்சுரிமை என்றால் மேடையும் மைக்கும்தான் நம் நினைவுக்கு வரும். பேசுகிறவனுக்கு வாய் இருந்து, கேட்கிறவன் பயந்து காதைப் பொத்திக்கொண்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? 2002 ஏப்ரலில் கொலராடோ உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மெஸ்கிஸ் பக்கம் நின்றது. அதன் பிறகுதான் தெரியவந்தது, அந்த உறையில் போன புத்தகம் ஜப்பானிய எழுத்துகளைப் பற்றியதாம்!

சரி, உண்மையாகவே விஷம் பற்றிய புத்தகமாக இருந்தால்? லண்டனில் 1977இல் ஒரு கைக்குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கிருந்த நர்ஸ் ஒருவர் அப்போது படித்துக்கொண்டிருந்தது அகதா கிறிஸ்டியின் ‘தி பேல் ஹார்ஸ்’. அதில் தாலியம் என்ற விஷம் வரும், முடி கொட்டும். குழந்தைக்கும் முடி கொட்டுவதைக் கண்டு அவர் சொல்ல, சோதித்தார்கள். தாலியமேதான். குழந்தை பிழைத்தது. அப்பா இருந்திருந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லியிருப்பேன்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் மகள் பிளஸ் டூ படித்த வருஷம், எங்கள் தெருமுனை லெண்டிங் லைப்ரரிக்குப் போனேன். “பொண்ணு என்னென்ன புக் எடுக்குது, கொஞ்சம் நோட்டைக் காட்டுங்களேன்” என்றேன். அதட்டலாக அல்ல, சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

கடைக்காரர் நோட்டை மூடி அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“நீங்க எடுத்த புக்கைப் பத்தியும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை சார்.”

அப்போது என் பைக்குள் திருப்பித் தர வேண்டிய ராஜேஷ்குமார் துப்பறியும் நாவல்கள் இரண்டு இருந்தன. வீட்டில் நான் சொல்லியிருந்தது, ஆன்மிகப் புத்தகம் எடுக்கிறேன் என்று.