மாநகராட்சிப் பணியும் முதுகலைப் படிப்பும்

1688-இல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி, இன்று 426 சதுர கிலோமீட்டர் பரப்பில், 15 மண்டலங்களும் 200 வார்டுகளுமாக விரிந்துள்ளது. அதன் மண்டல அலுவலகங்களில் பணியாற்றும் பொறியாளர்களும் வருவாய் அலுவலர்களும் சுகாதார ஆய்வாளர்களும் தத்தம் துறையில் தேர்ந்தவர்கள். ஆயினும் இத்துறைகளை ஒருங்கிணைத்து நகரை நிர்வகிக்கும் கலை, அவர்களுடைய பட்டப்படிப்பில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் இந்த ஒருங்கிணைப்பின் தேவைக்குத் தக்க சான்று. அங்கிருந்த சாலையோர வணிகர்கள் 2013-இல் தனிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சாலையோர வணிகர் சட்டமோ, வணிகர்களின் பிரதிநிதிகளும் அமரும் நகர விற்பனைக் குழுவைக் கட்டாயமாக்கியது. ஆகவே தளக்கல், வாகன நிறுத்தம், வாழ்வாதாரம், சட்டம் ஆகிய நான்கையும் சேர்த்து எடைபோடத் தெரிந்த அதிகாரியே இத்தகைய தெருவுக்குத் தேவைப்படுகிறார்.

அரசு அமைப்புகள் நிதி, பணியாளர், சட்டம் ஆகியவற்றைக் கொண்டு மக்களுக்குச் சேவை வழங்கும் முறையை ஆராயும் பொது நிர்வாகவியல், அந்தப் பார்வையைத் தரவல்லது. கிரீன்வேஸ் சாலையிலுள்ள அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி அலுவலர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கிறது. பணியை விடாமலே முதுகலை பயிலத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வழிவகுக்கின்றன.

74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கென 18 பணிகளைப் பட்டியலிட்டுள்ளது. அவற்றைச் சுமக்கும் அலுவலர்களுக்குக் கல்வி விடுப்பும் கட்டண உதவியும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். பணியிலிருப்போரும் படிக்கத் தயங்காது முன்வர வேண்டும்.