குழலின் பங்கு

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளில் தோலைச் சோதிப்பவர்கள் ஒரே ஒரு துண்டை இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். முதுகுப் பக்கத்துத் தோலில் நார் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும், இழுத்தால் நீளும். வயிற்றுத் துண்டு கிழிந்ததை வைத்து மொத்த லாட்டும் மட்டம் என்று எழுதினால், ட்ரம்மில் வேலை பார்த்தவன் தலையில் பழி விழும். எங்கே வெட்டுவது, எத்தனை துண்டு எடுப்பது என்று முன்கூட்டியே வரையறுத்து வைத்திருப்பது அதனால்தான். பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. போன கோடையில் இதே முறையை ஒரு பழைய துப்பாக்கியின்மேல் செய்துபார்க்க வேண்டிவந்தது.

துப்பாக்கி என்றதும் காட்டுப்பன்றியை நினைக்க வேண்டாம். இது பத்து மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள். அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். குண்டின் எடை அரை கிராம் சொச்சம், வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில். கணக்குப் போட்டால் எட்டு ஜூலுக்கும் குறைவு. 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு உட்பட்ட இந்த ரகத்துக்கு உரிமம் தேவையில்லை. அதனால்தான் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற என் அக்காவால், சீட்டு எடுத்த பணத்தில் மகளுக்கு ஒன்று வாங்கித்தர முடிந்தது. புதியது எங்களுக்கு எட்டாது. இது சென்னையில் ஒரு பையன் நாலைந்து வருடம் சுட்டுவிட்டு, கல்லூரிக்குப் போனதும் விற்றது.

அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் படம் அவள் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. போட்டியில் 60 குண்டு. ஒன்றுக்கு உச்சம் 10.9, ஆக மொத்தம் 654. இவள் எட்டு மாதமாக 585ஐத் தாண்டவில்லை. சொல்லிக்கொடுப்பவர் “கை நிக்கல, மனசு நிக்கல” என்றார். அக்கா என்னிடம், “இந்த வருசம் பாத்துட்டு வித்துர்லாம்டா. அதுவும் பாவம், தெனம் அழுவுது” என்றாள். அந்தப் பெண் தனியாக வந்து கேட்டது வேறு: “மாமா, நான் சரியா சுட்டும் தப்பா போவுதா, இல்ல நானே தப்பா சுடுறனா? எனக்கே தெரியல.”

அட்டையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதிலிருக்கும் ஓட்டை கை, கண், குழல், குண்டு நான்கும் சேர்ந்து போட்டது. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஆளை வெளியே எடுக்க வேண்டும்.

கனமான மேசையில் வைஸை முடுக்கி, தாடைகளுக்கு நடுவே கழிவில் கிடந்த தடித்த தோல்துண்டுகளை வைத்து ரைஃபிளைப் பிடித்தோம். இறுக்கினால் கட்டை நசுங்கும், விட்டால் ஆடும். தோல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதற்கு முன்பே திருகுகளைச் சரிபார்த்து, குழலுக்குள் ஃபெல்ட் உருண்டைகளைத் தள்ளினோம். முதல் நாலைந்து உருண்டை கன்னங்கரேல் என்று வந்தன. அந்தப் பையனின் வருடங்கள் அத்தனையும் ஈயக் கசடாக உள்ளே இருந்தன.

அடுத்து குண்டு. ஃபேக்டரியிலிருந்து டப்பாவில் வருவதெல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் நல்ல டப்பாக்களின் மேல் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம். எந்தக் குழலுக்கு எது சேரும் என்பதைச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். அவள் வழக்கமாகச் சுடும் சாதா டப்பா, விலை உசத்தியான 4.51, நடுத்தர விலையில் ஒரு 4.50 என்று மூன்று எடுத்தோம். டப்பா மாற்றும்போதெல்லாம் முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு ஒவ்வொன்றிலும் ஐந்து அட்டை, அட்டைக்குப் பத்துக் குண்டு. வெர்னியரில் ஓரத்துக்கு ஓரம் அளந்து, குண்டின் 4.5ஐக் கழித்தேன்.

சாதா டப்பாவின் சராசரிச் சிதறல் 5.2 மில்லிமீட்டர். 4.51இல் 3.6. நடுத்தர விலை 4.50இல் 2.4.

இதன் அர்த்தம் அட்டையில் இருக்கிறது. பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. குண்டின் ஓரம் அதைத் தொட்டாலே போதும் என்பதால், குண்டின் நடு, மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் கடைசியாகச் சுட்ட 10.8, அரை மில்லிமீட்டருக்குள் விழுந்தது. சாதா டப்பாவின் 5.2 சிதறலில் கை கல்லாக நின்றாலும் சில குண்டுகள் பத்துக்கு வெளியே போய்விடும்.

அதோடு நிறுத்தினால் பாதிச் சோதனைதான். வைஸிலிருந்து ரைஃபிளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். சாதாவையும் 4.50ஐயும் பெயர் தெரியாமல் கிண்ணத்தில் போட்டு மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சாதாவில் அவள் சிதறல் 9.6, மற்றதில் 8.3. அடுத்தடுத்த வாரங்களில் அவள் எடுத்தது 593, 595, 594.

ஒன்பது புள்ளி குண்டும் குழலும் தின்றது. அதற்கு மேலே இருப்பது பெரும்பாலும் அவள் கை. சொல்லிக்கொடுப்பவர் சொன்னதில் உண்மை இருந்தது, ஆனால் முழுக் கணக்கையும் அவள் தலையில் எழுதியிருந்தார். நம் வீடுகளுக்குப் பழைய பொருள்தான் வந்து சேரும், தையல் மெஷினோ சைக்கிளோ எதுவானாலும். முன்னால் வைத்திருந்தவரின் தேய்மானமும் கூடவே வரும். அதை யாரும் பிரித்துக் காட்டாவிட்டால், பிள்ளைகள் அதைத் தங்கள் குறை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

எண்களைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவள் வருத்தப்படுவாள் என்று அக்கா பயந்தாள். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “மீதி என்னுதுதானே மாமா? அப்ப சரி” என்றாள்.

இப்போது தினசரிப் பயிற்சிக்குச் சாதா டப்பா, போட்டிக்கு 4.50. இரண்டும் ஒரே இடத்தில் விழாது, அதனால் சைட்டை எத்தனை கிளிக் நகர்த்துவது என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே டப்பாவின் லாட் எண்ணும் இருக்கிறது. அந்த லாட் தீர்ந்து வேறு வந்தால் மறுபடியும் வைஸ், மறுபடியும் ஐந்து அட்டை. “அதுக்கும் தனியா ஒரு டப்பா காசா?” என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன்.