மந்திரிக்க அழைத்த பொருள்

புதிய வண்டி வாங்கினால் அதைக் கோவில் வாசலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கச் சொல்வது நம் மக்களின் அழகிய வழக்கம். ஆழ்துளைக் கிணறு, தையல் இயந்திரம், பெட்டிக்கடை என்று என் குருத்துவ வாழ்வில் தீர்த்தம் தெளிக்காத பொருளே இல்லை என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் கீழ்க்கட்டளையில் குடியிருக்கும் ஓர் அன்பர். படையில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "சாமி, புதுசா ஒரு பொருள் வாங்கியிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மந்திரிக்கணும்" என்றார். அவ்விருவரின் இசைவோடுதான் இதனை எழுதுகிறேன்.

மாலையில் சென்றேன். கட்டிலின்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் முகத்தில் பெருமிதம். சமையலறை வாயிலில் நின்ற அவர் துணைவியோ, "வாங்க சாமி" என்ற ஒரு சொல்லுக்குமேல் பேசவில்லை. எந்நாளும் தவறாமல் வரும் காப்பியும் அன்று வரவில்லை.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஓய்வு பெற்ற படைவீரர் குடும்பங்கள் பல உள்ளன. நாற்பது வயதுக்குள் பணி முடிந்து வருகிறவருக்கு ஓய்வூதியம் மட்டும் போதுவதில்லை. வங்கியிலும் நகைக்கடையிலும் காவலுக்குச் செல்வோரில், சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் உடையவருக்குச் சம்பளம் கூடுதல். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி விண்ணப்பித்து, காவல்துறை விசாரணை முடிந்து, முறைப்படி உரிமம் பெற்றிருந்தார். முன்பு ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 2 ஆகக் குறைத்துவிட்டது என்பதையும் அவரே எனக்கு விளக்கினார்.

நான் என் பங்குக்கு இறையியல் பேசினேன். பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவர்க்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகலாம் எனத் திருச்சபையின் மறைக்கல்வி 2265-ஆம் எண்ணில் கூறுவதை எடுத்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே மனநிறைவாக இருந்தது. அப்போதுதான் அந்தச் சகோதரி வாய் திறந்தார்.

"அதெல்லாம் சரிங்க சாமி. வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? என் சங்கிலி அடகுக் கடையில இருக்கு. அதுகூடப் போகட்டும். பையன் பரீட்சையில தோத்துட்டு ஒரு மாசமா யார்கிட்டயும் பேசாம கிடக்கான். பீரோ சாவி எங்கே இருக்குன்னு அவனுக்குத் தெரியும்."

அறையில் அமைதி நிலவியது. நான் கற்ற இறையியலில் அந்தச் சாவிக்கு இடமில்லாமற் போயிற்றே என்று நாணினேன். மனமுடைந்த ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இருப்பதே பேராபத்து என்பது பல நாட்டு ஆய்வுகள் ஒருமித்துக் கூறும் உண்மை. ஆய்வு எதையும் படிக்காமலே அத்தாய் அதை அறிந்திருந்தார்.

கணவர் துப்பாக்கி வாங்கினால் எல்லா மனைவியரும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. சிலர் குடும்பத்தின் மதிப்பு உயர்ந்ததாக மகிழ்வர். சிலர் செலவை எண்ணிச் சினப்பர். சிலர் இரவில் உறக்கம் இழப்பர். வெளியே சினமாகத் தெரிவது உள்ளே அச்சமாக இருப்பதும் உண்டு. நம் நாட்டுச் சட்டம் இல்லாளின் இசைவைக் கட்டாயமாக்கவில்லை. கனடாவிலோ, துப்பாக்கி உரிமம் கேட்பவரின் வாழ்க்கைத் துணையிடமும், கடந்த 2 ஆண்டுகளுக்குள் துணையாய் இருந்தவரிடமும் விண்ணப்பத்தில் கையொப்பம் கேட்கிறார்கள். கையொப்பம் இல்லையென்றால் அதிகாரிகளே அவருக்குத் தெரிவிக்கிறார்கள். திருமணத்தை வாழ்விலும் அன்பிலும் பங்குகொள்ளும் தோழமையாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் போற்றியது. அந்தத் தோழமை தானாகக் கேட்க வேண்டியதை அங்கே ஒரு படிவம் கேட்கிறது!

கீழ்க்கட்டளை தொண்டை நாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டு மன்னன் தொண்டைமான், தூது வந்த ஔவையாருக்குத் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூற்றுச் செய்தி. பளபளக்கும் ஆயுதங்களைக் கண்டு மயங்காமல் உண்மையை உரைத்தவர் ஒரு பெண். நற்செய்தியிலும், நீதி இருக்கையில் அமர்ந்திருந்த பிலாத்துக்கு அவன் மனைவி எச்சரிக்கை சொல்லி அனுப்பினாள். அதிகாரமும் படையும் அவன் கையில் இருந்தன. உண்மையோ அவள் சொல்லில் இருந்தது. அவன் கேட்கவில்லை.

நம் அன்பர் கேட்டார். நெடுநேரம் தலைகுனிந்திருந்தவர், "என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றார். திருமணத்தன்று கொடுத்த வாக்குறுதிக்குப் பின் அவ்வீட்டில் பேசப்பட்ட மிக உயர்ந்த சொல் அதுவாகவே இருக்கும் என நம்புகிறேன். மறுநாளே துப்பாக்கியையும் தோட்டாக்களையும் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் பாதுகாப்புக்கு ஒப்படைத்தார். சட்டம் அதற்கு இடமளிக்கிறது. கூடுதல் சம்பளத்தை விட்டுவிட்டு, கையில் தடியோடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்குச் சேர்ந்தார். மகனை இருவருமாக மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அவன் இப்போது சற்றுப் பேசுகிறான். சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. அதைப் பற்றிய பேச்சும் வீட்டில் முற்றிலும் ஓயவில்லை.

அன்று நான் துப்பாக்கியை மந்திரிக்கவில்லை. மூவர் தலைமேலும் கைவைத்துச் செபித்துவிட்டுத் திரும்பினேன். அதன்பின் எவர் எப்பொருளை மந்திரிக்கக் கேட்டாலும், "வீட்டில் கலந்து பேசினீர்களா?" என்று முதலில் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் பதில் சொல்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குத்தான் நான் முதலில் செல்கிறேன்.